மேகலாவின் கண்ணை யார் பார்த்தது?

பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடத்த வந்த மனிதரே, நீங்கள் என் சின்ன மகளின் கண்ணைப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டதாகச் சொன்னீர்கள். அது பொய்.

உங்கள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நீலக் கோட்டு போட்டிருந்தீர்கள். என் கடை வடையைத் தின்றுவிட்டு, "மலையில இவ்வளவு நல்ல வடையா?" என்றீர்கள். இது போதும். உங்களுக்கு உங்களைத் தெரிந்துவிடும்.

"இந்தம்மா யாரையாவது திட்டாமல் ஒரு வாரம் எழுதாதா?" என்று வாசகர் ஒருவர் பத்திரிகை ஆசிரியரிடம் குறைப்பட்டாராம். இந்த வாரமும் திட்டுதான், ஐயா. ஆனால் கோபத்தைவிட எனக்கு ஆச்சரியம்தான் அதிகம். முதல் வகுப்புக்குப் போகும் இரண்டு வாண்டுகள், அம்மா, அப்பா, டீச்சர், நீலக் கோட்டுக்காரர் எல்லோர் கண்ணிலும் படாமல் எப்படித் தப்பினார்கள்? யோசிக்க யோசிக்க அது எனக்கு இன்னும் தீரவில்லை. தெரிந்தவரை சொல்கிறேன்.

சத்தமில்லாத பஸ்

மழை விட்ட ஒரு காலை. பனி இல்லை. கொல்லிமலையில் அப்படி ஒரு காலை கிடைத்தால் எனக்கு வேலை இரட்டிப்பு. ஈர விறகு புகையும், கல்லா மேல் தண்ணீர் சொட்டும், வருகிறவன் எல்லாம் இரண்டு டீ கேட்பான்.

என் டிபன் கடை குண்டூர் நாட்டில் (மலையில் சில ஊர் சேர்ந்தால் அது ஒரு நாடு) ஒரு வளைவை ஒட்டி இருக்கிறது. பெரியவள் இனியாவுக்குக் காய்ச்சல். உள்ளே கட்டிலில் படுத்திருந்தாள். சின்னவள் மேகலா மட்டும் சீருடையோடு கடை பெஞ்சில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். அவள் தனியாக உட்கார்ந்து நான் பார்த்ததே அபூர்வம். ஒரு செருப்பு மட்டும் கிடப்பது போல இருந்தது.

ஆரோக்கியம் சார் ரோட்டுக்கு முதுகைக் காட்டி இட்லி தின்றுகொண்டிருந்தார். திண்டுக்கல் பக்கத்துக்காரர், இங்கே வேளாண்மை ஆபீசில் வேலை. அன்றைக்கு அவர் ஒரு மீட்டிங்குக்காக ராசிபுரம் இறங்க வேண்டும்.

"மேகலாம்மா, ராசிபுரம் பஸ் வந்துருச்சா பாரு" என்றார்.

மேகலா தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள். "இன்னும் வரலீங்க சார்."

ஆரோக்கியம் சார் திரும்பிப் பார்த்தார். பஸ் வளைவில் சில்வர் ஓக் மரங்களின் நிழலில் நின்றிருந்தது. டிரைவர் இறக்கத்தில் இஞ்சினை அணைத்து உருட்டிக்கொண்டே வந்து நிறுத்திவிட்டுக் கைகழுவப் போயிருந்தார்.

"என்ன கண்ணு, சாருக்கே கிண்டலா? அந்தா நிக்குதே!"

"எங்கீங்க?"

"மரத்தடியில."

மேகலா கண்ணைச் சுருக்கினாள். "என்னமோ பெருசா இருக்குது… அதுவா பஸ்ஸு? சத்தமே இல்லீங்களே."

ஆரோக்கியம் சார் சிரித்துவிட்டு ஓடிப்போய் பஸ் ஏறினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் கரண்டி அப்படியே நின்றது. சட்னி தட்டுக்கு வெளியே ஒழுகிக்கொண்டிருந்தது.

பனியில் ஜெயித்தவள்

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பஸ் நிறுத்தத்தில் மேகலா பெரிய ஆள்.

மலையில் பனி இறங்கினால் எதிரே நிற்பவன் மூக்கு தெரியாது. வளைவில் ஏதோ ஒரு வண்டி முக்கும் சத்தம் மட்டும் வரும். மேகலா உடனே சொல்லிவிடுவாள். "இது பால் வண்டி." "இது சேந்தமங்கலம் பஸ்." "எங்கப்பா பைக் வருது, வாரதுக்குள்ள டீ போடும்மா." தப்பியதே இல்லை. ஒவ்வொரு இஞ்சினும் அவளிடம் தன் பேரைச் சொல்லிக்கொண்டு வந்தது மாதிரிதான்.

கடையில் பந்தயமே கட்டுவார்கள். ஆரோக்கியம் சார் அவளிடம் தோற்ற வடைகளுக்கு அளவில்லை. "இந்தப் புள்ள கண்டக்டரா போனா டிப்போவையே ஆளும் அக்கா" என்பார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

பனியில் எல்லோரும் குருடு. அதனால் அவள் ஜெயித்தாள். வெயில் அடிக்கிற நாளில் அவளிடம் யாரும் பஸ்ஸைக் கேட்பதில்லை. கேட்க என்ன இருக்கிறது? அவரவர் கண்ணுக்கே தெரிகிறதே.

இத்தனை நாளும் இது என் மண்டையில் ஏறவில்லை.

ஒட்டு வாழைப்பழம்

நான் மலைக்காரி அல்ல. புளியஞ்சோலைப் பக்கம் அடிவாரத்து ஊர். என் வீட்டுக்காரர் மின்வாரிய லைன்மேன். அவருக்கு மேலே வேலை போட்டார்கள், பின்னாலேயே நானும் ஏறினேன். ஏறிய வருஷமே வயிற்றில் இரண்டு என்று ஸ்கேனில் சொன்னார்கள்.

அன்றிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்வி. "ஒட்டு வாழைப்பழம் தின்னியா?"

இந்த மலையில் வாழைக்குப் பஞ்சமா? தின்றிருப்பேன். ஒட்டியிருந்ததா என்று யார் பார்த்தது? பசித்தது, தின்றேன். இன்றைக்கும் தாரில் ஒட்டுப்பழம் வந்தால் யாராவது ஒருத்தி சிரித்துக்கொண்டே என் கடைக்குக் கொண்டுவந்து கொடுப்பாள். நானும் வாங்கி மாட்டுக்குப் போட்டுவிடுவேன். அந்த மாடு இன்னும் ஒரு கன்றுதான் போடுகிறது.

இரட்டைப் பிள்ளை என்றால் ஊருக்கு அது ஒரு பிள்ளைதான். ஒரே மாதிரி கவுன், ஒரே மாதிரி ரிப்பன். எதுகை மோனையாகப் பேர் வைக்கச் சொன்னார்கள், நான் வைக்கவில்லை. ஒருத்தி இனியா, ஒருத்தி மேகலா. அப்போதும் விட்டார்களா? ஒருத்திக்குச் சளி பிடித்தால் இன்னொருத்திக்கும் சேர்த்து மருந்து கொடு என்பார்கள். ஒருத்தியிடம், "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டு, அவள் தலையாட்டினால் போதும். இன்னொருத்திக்கும் வயிறு நிறைந்துவிடும்.

"ரெண்டும் ஒண்ணுதானே" என்பார்கள். இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெற்றவளுக்கு இரண்டும் இரண்டுதான். ஒருத்தி வெளியே வந்த பிறகு இன்னொருத்திக்கும் தனியாக வலி பொறுத்தேன்.

ஆனால் நானே அவர்களை ஒன்றாகக் கட்டிப்போட்ட விஷயம் ஒன்று உண்டு. கடை வளைவில் இருக்கிறது. மேலிருந்து இறங்கும் லாரிக்காரனுக்கு வளைவு திரும்பும்வரை பிள்ளை நிற்பது தெரியாது. அதனால் நடக்கத் தெரிந்த நாள் முதல் ஒரே பாட்டு: "கையைப் பிடி. கையை விட்டீங்க, காலை உடைச்சுப்புடுவேன்."

அவர்கள் ரோட்டில் மட்டும் விடாமல் இருக்கவில்லை. வகுப்பில், பிரேயர் வரிசையில், தூக்கத்தில்கூடக் கையை விடவில்லை. டீச்சர் ஒருமுறை பிரித்து உட்கார வைத்துப் பார்த்தார். இரண்டும் வைத்த ஒப்பாரியில் பக்கத்து வகுப்பும் சேர்ந்து அழுததாம். அதோடு விட்டுவிட்டார்.

முகாம் நாள்

கண் முகாம் நடந்தது அதற்கு முந்தைய வருஷம். பிள்ளைகள் அப்போது யூ.கே.ஜி. முகாமுக்கு டீயும் வடையும் என் கடையிலிருந்துதான் போனது. அதனால் நான் வாசலில் நின்று நேரில் பார்த்தேன். யாரோ சொல்லிக் கேட்டு எழுதவில்லை.

சுவரில் ஒரு அட்டை. சோறு தின்னும் முள்கரண்டி மாதிரி ஒரு எழுத்து, மேலும் கீழும் இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பி இருக்கும். கரண்டி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பிள்ளைகள் கையால் காட்ட வேண்டும். கீழே போகப் போக எழுத்து சின்னதாகும்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஜீப் டிரைவர் வாசலில் நின்று, "பனி எறங்குறதுக்குள்ள போயாகணுங்க" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். வரிசையில் இன்னும் பாதிப் பிள்ளைகள் நின்றார்கள். என் மகள்களின் முறை வந்தது.

"ஒவ்வொருத்தரா வாங்க" என்றார் நீலக் கோட்டுக்காரர்.

"பிரிச்சா அழுவாங்க சார்" என்றார் டீச்சர்.

"அட, ட்வின்ஸா? அப்ப பிரிக்க வேண்டாம் மேடம். சேர்ந்தே நிக்கட்டும், க்யூட்டா இருக்கு."

முதலில் இனியா காட்டினாள். எல்லாம் சரி. அடுத்து மேகலா. இனியாவின் கையைப் பிடித்தபடியே, மற்றக் கையால் காட்டினாள். மேலே, இடது, கீழே, வலது. எல்லாம் சரி. கடைசி வரி வரை சரி.

"ரெண்டும் ஒரே மாடல்! சூப்பர் கண்ணு!" என்றார். இரண்டு பேரையும் சேர்த்து நிற்கவைத்து போனில் ஒரு போட்டோவும் எடுத்தார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னொரு வடை கொடுத்தேன்.

கரண்டிச் சோதனை

இப்போது அந்தப் பஸ் நாளுக்கு வருகிறேன்.

அன்று சாயங்காலம் இனியாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. கடையை மூடிவிட்டு மேகலாவை வாசலில் நிறுத்தினேன். நான் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய்க் குழம்புக் கரண்டியை மேலே தூக்கினேன்.

"கரண்டி எந்தப் பக்கம் பார்க்குது?"

"கீழ."

பக்கவாட்டில் காட்டினேன். "மேல." கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெறும் கையைக் காட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தப் பக்கம்" என்றாள்.

கட்டிலிலிருந்து இனியா எழுந்து வந்தாள். வந்ததும் வராததுமாகத் தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மறுபடி கரண்டியைத் தூக்கினேன். மேகலா சரியாகச் சொன்னாள். திருப்பினேன். சரி. மறுபடி திருப்பினேன். அதுவும் சரி.

 ஏதோ காத்து கருப்பு என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம்தான் கரண்டியை விட்டுவிட்டு அவர்கள் கையைப் பார்த்தேன்.

இனியாவின் கட்டைவிரல் மேகலாவின் உள்ளங்கையில் நகர்ந்துகொண்டிருந்தது. மேலே என்றால் விரல் நுனிப் பக்கம். கீழே என்றால் மணிக்கட்டுப் பக்கம். முகத்தில் ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டு சாமி மாதிரி நின்றார்கள்.

"அடியே, கையில என்னடி பண்றீங்க?"

இரண்டும் சிரித்தன.

"பேசறம்மா" என்றாள் இனியா.

"எப்ப இருந்து?"

"கரண்ட் போறப்ப இருந்து. இருட்டுல பேசினா நீ கத்துவ. அதான் கையில பேசுவோம்."

லைன்மேன் வீட்டில்தான் கரண்ட் அதிகம் போகும். காற்று அடித்தால் அவர் கம்பத்துக்குப் போய்விடுவார். நான் பயத்தில் பிள்ளைகளை அதட்டிப் படுக்க வைப்பேன். அந்த இருட்டில் பக்கத்தில் படுத்துக்கொண்டு இரண்டும் ஒரு பாஷையே உண்டாக்கி வைத்திருக்கின்றன. பசி, பாம்பு, அம்மா கோபம், அப்பா வந்தாச்சு, எல்லாவற்றுக்கும் உள்ளங்கையில் இடம் இருக்கிறது. அம்மா கோபத்துக்கு மட்டும் கிள்ளு.

"தெரியலைன்னு என்கிட்ட ஏன் சாமி சொல்லல?" என்று மேகலாவைக் கேட்டேன்.

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "இனியா பெரியவ. அவளுக்கு முன்னாடி தெரியும். எனக்கு அப்புறம் தெரியும்" என்றாள்.

பெரியவள் என்றால் எவ்வளவு பெரியவள்? ஒரு டீ ஆறும் நேரம் முன்னால் பிறந்தவள். உலகமே அப்படித்தான் என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறது. பெரியவர்களுக்குத் தூரம் தெரியும், சின்னவர்களுக்குச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். நம்பவில்லை. "போ புள்ள, நீயா ஏதாச்சும் கௌப்பாத" என்றார். அவரையே கரண்டியைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். அப்புறம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஆபீசுக்கு லீவு சொன்னார்.

கறுப்புத் தட்டு

கீழே ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அங்கேயும் அதே முள்கரண்டி அட்டை. மேகலாவை நாற்காலியில் உட்கார வைத்ததும் அவள் கை தானாக நீண்டது. இனியா ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா பார்த்தார். "அக்கா கொஞ்ச நேரம் அப்பாகூட வெளியில இருக்கட்டும்."

இனியா அழுதாள். மேகலா அழவில்லை. காலியான கையை மடியில் வைத்துத் திறந்து திறந்து மூடினாள்.

பிறகு டாக்டரம்மா அவள் கையில் ஒரு சின்னக் கறுப்புத் தட்டைக் கொடுத்து, "இதால ஒரு கண்ணை மூடிக்கோ, மத்தக் கையால காட்டு" என்றார். ஒரு கண் முடிந்ததும் அடுத்த கண். வலது கண்ணுக்கு மாறியபோது மேகலா முதல் வரியையே காட்டவில்லை. "அட்டையை எடுத்துட்டீங்களா டாக்டர்?" என்று கேட்டாள்.

இரண்டு கண்ணிலும் குறை. வலது கண் ரொம்ப மோசம். அந்தக் கண் அனுப்புகிறதை மூளையே கண்டுகொள்ளாமல் விட ஆரம்பித்துவிட்டது என்றார். கண்ணாடி போட வேண்டும். தினமும் கொஞ்ச நேரம் இடது கண்ணை ஒட்டி மூடி, வலது கண்ணை வேலை வாங்க வேண்டும்.

"சரியாப் போயிருமுங்களா?"

"முயற்சி பண்ணலாம்மா. இதுல வயசுதான் முக்கியம். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா இன்னும் நம்பிக்கையாச் சொல்லியிருப்பேன்."

ஒரு வருஷம் முன்னால் என் மகள் ஒரு கண் அட்டைக்கு முன்னால்தான் நின்றாள்.

"ரெண்டு பேரும் ஒரே அச்சுங்க. ஒருத்திக்கு மட்டும் எப்படிங்க?" என்று கேட்டேன்.

"இரட்டைப் பிள்ளைங்கன்னாலும் கண்ணு நாலும்மா. நாலையும் தனித்தனியாத்தான் பார்க்கணும்" என்றார். அவர் திட்டவில்லை. எனக்குத்தான் யாரையாவது திட்ட வேண்டும் போல இருந்தது.

கம்பி

கண்ணாடி வந்த அன்று மலையேறி வீட்டுக்கு வந்தோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மேகலா அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டாள். வாய் பிளந்திருந்தது.

"அப்பா, கம்பத்துக்குக் கம்பம் கோடு போட்டிருக்குது!"

"கம்பி கண்ணு, அதுலதான் கரண்ட் வருது."

"கம்பின்னா இதுவா? இவ்ளோ தூரம் போகுமா?"

லைன்மேன் மகள். பிறந்ததிலிருந்து காலையும் மாலையும் கம்பி அறுந்தது, கம்பி உரசியது என்று கேட்டே வளர்ந்தவள். அவள் அதுவரை கம்பியைப் பார்த்ததே இல்லை. கம்பம் மட்டும் தெரியும். அப்பா எதற்கு மொட்டைக் கம்பத்தில் ஏறி இறங்குகிறார் என்று அவள் என்ன நினைத்திருந்தாளோ! அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். குளிர் என்றார்.

இப்போது வீட்டில் தினமும் சண்டை. இடது கண்ணை ஒட்டினால் மேகலா குதிக்கிறாள். "நல்ல கண்ண எதுக்கும்மா மூடற? கெட்டத மூடு!" பதில் சொல்லி மாளவில்லை. ஆரோக்கியம் சார் அவளைச் சமாதானப்படுத்த, தன் கண்ணாடியில் ஒரு பக்கம் காகிதம் ஒட்டிக்கொண்டு இட்லி தின்கிறார். பாதி இட்லி சட்டையில்.

இனியாவுக்கு வேறு கோபம். கண்ணாடி ஒருநாள் காணாமல் போனது. வீடெல்லாம் தேடி, கடைசியில் இட்லி அரிசி மூட்டைக்குள் கிடந்தது.

"ஏண்டி ஒளிச்சு வெச்ச?"

"அவ இப்ப என்னை ஒண்ணுமே கேக்கறதில்ல" என்றாள்.

அடிக்கக் கை ஓங்கினேன், அடிக்கவில்லை. தூரத்தைப் பார்த்துத் தங்கச்சிக்குச் சொல்வதுதான் தன் வேலை என்று அந்தப் பிள்ளை இருந்திருக்கிறது. யாரும் கொடுக்காத வேலை. கூலியும் இல்லை. அதை நாங்கள் பறித்துவிட்டோம்.

வலது கண் தேறுமா என்று இன்னும் தெரியாது. டாக்டரம்மா மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அந்தப் பஸ்ஸில் மலை இறங்கும்போது, வளைவுக்கு வளைவு ஒரு சாமியைக் கும்பிடுகிறேன்.

கேட்கிறேன், சொல்லுங்கள்

நீலக் கோட்டுக்காரரே, உங்களுக்காக ஒரு சமாதானத்தை ஊரே தயாராக வைத்திருக்கிறது. "பாவம், பிள்ளைகள் ஏமாற்றிவிட்டன, அவர் என்ன செய்வார்?" என்கிறார்கள். நானும் ஒரு நாள் அப்படி யோசித்துப் பார்த்தேன். அடுப்படியில் நின்று, என் கையையே வைத்துச் செய்தும் பார்த்தேன். சரிப்பட்டு வரவில்லை.

ஒரு கை அட்டையைக் காட்ட வேண்டும். ஒரு கை கண்ணை மூட வேண்டும். நீங்கள் ஒவ்வொரு கண்ணாகப் பார்த்திருந்தால் அக்கா கையைப் பிடிக்க என் மகளுக்குக் கையே இருந்திருக்காது. ஆக, பிள்ளைகள் உங்களை ஏமாற்றவில்லை. நீங்கள் செய்யாத வேலை விட்ட சந்தில் அவர்கள் கை கோத்துக்கொண்டு நின்றார்கள். அவ்வளவுதான்.

குண்டூர் நாட்டோடு நீங்கள் நிற்கவில்லை. குண்டனி நாட்டுப் பள்ளிகளுக்கும் அதே ஜீப்பில், அதே அவசரத்தில் போனீர்கள். அங்கே வரிசையில் நின்ற பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு கண்ணையாவது மூடினார்கள்? அவர்களில் யாராவது இன்றைக்கு, பெரியவர்களுக்கு மட்டும்தான் தூரம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்களா? அந்தப் பிள்ளைகளுக்கும் வயசு ஓடிக்கொண்டிருக்கிறது.

தனியாக வந்து என்னிடம் வருத்தம் சொல்ல வேண்டாம். கடைக்கு வந்தால் டீ தருவேன், வருத்தம் வாங்கிக்கொள்ள மாட்டேன். ஆசிரியர் இதே பத்திரிகையில் உங்களுக்கு இடம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பேரைப் போட்டு, ஊர் படிக்க, இரண்டு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்.

அன்றைக்கு என் மகள் மேகலா எந்தக் கையால் கண்ணை மூடினாள்? மற்றப் பள்ளிகளுக்கு எப்போது திரும்பி வருகிறீர்கள்?